தேடுபொறி பிறந்த கதை

மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளிக் கடலோரத்தில் ஒரு துறைமுகம் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே எண்ணூரில் காமராசர் துறைமுகம் இருக்கிறது. அங்கே கப்பல்களிலிருந்து இறங்கும் இரும்புப் பெட்டிகளை, கண்டெய்னர் என்று எல்லாரும் வழங்கும் அந்தப் பெட்டிகளை, திருவொற்றியூர்ச் சாலையில் லாரிகளின்மேல் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு எழுத்துக்களும் ஏழு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஏழாவது இலக்கம், முன்னே உள்ள எழுத்துக்களையும் எண்களையும் கொண்டு கணக்கிட்டு எழுதப்படுவது. குறிப்பு எடுப்பவர் ஓரெழுத்தைத் தவறாக எழுதினாலும் கணக்குப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்பதற்குப் பதிவேடு உண்டு. அந்தப் பதிவேடு தொலைந்தால் என்ன ஆகும்? பெட்டி தொலைந்துவிடாது. அது இருக்கும், ஆனால் கிடைக்காது.

இருப்பது வேறு, கிடைப்பது வேறு. இந்த வேற்றுமையைப் போக்க மனிதன் செய்த முயற்சிகளின் வரலாற்றில் அண்மைக் காலத்து அத்தியாயமே இணையத் தேடுபொறி. அதைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். பேச்சுக்குத் துணையாக ஓர் உதாரணத்தை முதலிலேயே எடுத்துக்கொள்வோம். மீஞ்சூர்ப் பள்ளியில் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் ஊர்க் கிணற்று நீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று அறிய விரும்புகிறாள் எனக் கொள்ளுங்கள். இது கற்பனை வினா அன்று. 1960-களின் இறுதியிலிருந்து சென்னை நகருக்காகவும் மணலித் தொழிற்சாலைகளுக்காகவும் அந்த வட்டாரத்து நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கிப் புகுந்தது. இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் பல உண்டு. 2010-ஆம் ஆண்டு கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரை எடுக்கும் ஆலை அதே காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. விடை, ஆகவே, இருக்கிறது. அது அந்த மாணவிக்குக் கிடைக்குமா என்பதே கேள்வி.

தமிழர்க்கு இந்தச் சிக்கல் புதிதன்று. பழைய திவாகர நிகண்டை எடுத்துப் பாருங்கள். அது சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பகுக்கிறது: தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று அது செல்லும். யானைக்குரிய பெயர்களை அறிய வேண்டுமானால் விலங்கின் தொகுதிக்குச் செல்ல வேண்டும். ஆனால் ஒரு சொல் விலங்கைக் குறிப்பதா மரத்தைக் குறிப்பதா என்றே தெரியாதவன் எங்கே போவான்? நூல் முழுவதையும் மனப்பாடம் செய்தவனுக்கன்றி அது எளிதில் பயன்படாது. 1594-ஆம் ஆண்டு சிதம்பர ரேவண சித்தர் என்பவர் அகராதி நிகண்டு என்னும் நூலை இயற்றிச் சொற்களை முதலெழுத்தின் வரிசையில் நிறுத்தினார். பொருளை அறியாதவனும், எழுத்தை மட்டும் அறிந்திருந்தால், வாயிலுக்குள் நுழைய வழி பிறந்தது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். பின்னர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் தாம் பதிப்பித்த நூல்களின் இறுதியில் அரும்பதங்களை அகர வரிசையில் அடுக்கி, அவை வரும் இடங்களையும் குறித்தார். இன்ன சொல் இன்ன பக்கத்தில் வருகிறது என்னும் அந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; தேடுபொறியின் இதயம் அதுவே.

பொருள்வழி அடுக்கும் முறையை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றவரும் சென்னை நகரத்தவரே எனலாம். சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். பதவியேற்ற சில நாட்களிலேயே அந்தத் தனிமை பொறாமல், மீண்டும் கற்பிக்கவே அனுப்பும்படி மன்றாடினார். லண்டன் சென்று நூலகக்கலை பயின்று வாருங்கள், அதன்பின்னும் மனம் ஒப்பாவிட்டால் பார்க்கலாம் என்றனர். சென்றார். திரும்பியபோது அவர் வேறு மனிதராக இருந்தார்! லண்டன் கடை ஒன்றில் குழந்தைகள் விளையாடும் மெக்கானோ என்னும் கட்டுமானப் பொம்மையைக் கண்டதாகவும், சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு உருவங்களைச் செய்யலாம் என்பதிலிருந்து தமக்குத் தெளிவு பிறந்ததாகவும் அவரே கூறியுள்ளார்.

அந்தத் தெளிவின் பயன் 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. நூல்களுக்கு முன்கூட்டியே அறைகளைக் கட்டி வைத்து, வருகின்ற நூலை ஏதேனும் ஓர் அறையில் திணிப்பது பழைய முறை. அரங்கநாதனோ ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, அவற்றைக் குறிகளால் இணைத்தார். மூலப்பொருள், தன்மை, செயல், இடம், காலம் என்று அம்முகங்களை ஏறக்குறையச் சொல்லலாம். நம் மாணவியின் வினாவையே பாருங்கள்: நிலத்தடி நீர், உப்பு, புகுதல், மீஞ்சூர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஐந்து முகங்களும் வந்துவிட்டன. வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை நூலக விதிகளுள் ஒன்றாகவே அவர் 1931-இல் வகுத்தார். நூலகத்தைக் காப்பதே நூலகர் தொழில் என்று பலர் எண்ணியிருந்த காலத்தில் அது எத்துணைத் துணிவான சொல்!

ஆனால் எந்தப் பகுப்புக்கும் ஒரு நூலகர் வேண்டும். அவர் நூலைப் பிரித்துப் பார்த்து எண் இட வேண்டும். 1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வகுத்தளித்த வையவிரி வலைத் திட்டம் 1991-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, அதில் நூலகர் இல்லை. யாரும் பக்கம் எழுதலாம். யாரிடமும் பதிய வேண்டியதில்லை. ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம். அவ்வளவுதான் சட்டம். தொடக்கத்தில் புதிய தளங்களின் பட்டியலைப் பெர்னர்ஸ் லீயே கையால் எழுதி வந்தார். விரைவில் அது இயலாததாயிற்று. 1994-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெரி யாங், டேவிட் ஃபைலோ என்போர் தளங்களை வகை வகையாய்ப் பிரித்து அடுக்கத் தொடங்கினர். அதுவே யாகூ ஆயிற்று. அது ஒரு திவாகர நிகண்டு. மனிதர் அமர்ந்து தொகுத்தது, அழகானது, வலை வளர்ந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாதது. அந்தத் தொகுப்பு 2014-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது.

மற்றொரு கூட்டத்தார் அகராதியின் வழியைப் பற்றினர். 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜானதன் ஃப்ளெச்சர் என்னும் இளைஞர் ஜம்ப் ஸ்டேஷன் என்ற தேடுபொறியை நிறுவினார். மறு ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்ட்டன் அமைத்த வெப்கிராலர், பக்கங்களின் தலைப்பை மட்டுமன்றி முழுச் சொற்களையும் எடுத்து அடுக்கியது. இவற்றின் வேலைமுறை இன்றளவும் மாறவில்லை. கணிப்பொறி நிரல் ஒன்று தெரிந்த சில பக்கங்களிலிருந்து புறப்படும். அப்பக்கங்களைப் படியெடுக்கும்; அவற்றிலுள்ள இணைப்புக்களைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கங்களுக்குச் செல்லும்; அங்கிருந்து அவற்றிற்கு அடுத்தவற்றுக்கு. தபால்காரர் வீட்டு எண்களைக் கொண்டு தெருவில் நடப்பதுபோல் அன்று. ஊருக்குப் புதியவன் ஒருவரைக் கேட்டு மற்றொருவர் வீட்டுக்குப் போவதுபோல். ஆகவே, யாரும் இணைப்புக் கொடுக்காத பக்கத்தை, அதன் உரிமையாளர் தாமே முகவரியைத் தெரிவித்தாலன்றி, அந்த நிரல் காண வழியில்லை.

படியெடுத்த பக்கங்களைப் பின்னர்த் தலைகீழாக்க வேண்டும். பக்கத்தில் சொற்கள் இருக்கின்றன. பட்டியலிலோ சொல்லின்கீழ்ப் பக்கங்கள் இருக்க வேண்டும். உ. வே. சா. பதிப்பின் அரும்பத அகராதியை நினைவுகூருங்கள். ‘மீஞ்சூர்’ என்னும் சொல்லின்கீழ் ஆயிரம் பக்கங்கள், ‘உப்பு’ என்பதன்கீழ்ப் பல லட்சம், ‘நீர்’ என்பதன்கீழ் இன்னும் மிகுதி. மூன்று பட்டியலிலும் வரும் பக்கங்களை மட்டும் பொறுக்கினால் விடைகள் சில நூறாகச் சுருங்கும். நீங்கள் வினவும்போது தேடுபொறி உலகெங்கும் ஓடித் தேடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. தேடல் முன்பே முடிந்துவிட்டது. அப்போது நடப்பது பட்டியலைப் புரட்டுவது மட்டுமே.

இனி வரிசையைப் பற்றிப் பார்ப்போம். சில நூறு பக்கங்களில் எதை முதலில் வைப்பது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு சால்ட்டன் என்னும் பேராசிரியர் 1960-களிலிருந்தே, வலை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, இதை ஆராய்ந்து வந்தார். சொல் எத்தனை முறை ஒரு பக்கத்தில் வருகிறது என்று எண்ணுவது முதற்படி. 1972-இல் கேம்பிரிட்ஜில் இருந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அம்மையார் நுட்பமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு; சில பக்கங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. ‘நீர்’ எங்கும் வரும்; ‘மீஞ்சூர்’ அப்படி வராது. ஆகவே வினாவின் சுமை ‘மீஞ்சூர்’ என்னும் சொல்லின்மேல் விழ வேண்டும். சந்தைக்குப் போகும் எவரும் அறிந்த உண்மைதான், அரியது விலை கூடும் என்பது. ஆயினும் அதைக் கணக்காக்க ஒருவர் தோன்ற வேண்டியிருந்தது.

இந்த முறை நூலகத்துக்கு நன்று. சந்தைக்கு நன்றன்று! சொல்லை எண்ணித்தான் வரிசை என்று தெரிந்ததும், வணிகர் சிலர் தம் பக்கத்தில் ஒரே சொல்லை ஆயிரம் முறை எழுதி வைத்தனர். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகவும் எழுதினர். 1990-களின் நடுவில் தேடிய பொருளுக்குப் பதில் குப்பையே முன்வந்தது.

மாற்று வழி, நூல் தன்னைப் பற்றி என்ன சொல்லுகிறது என்று கேளாமல், பிறர் அந்நூலைப் பற்றி என்ன சொல்லுகின்றனர் என்று கேட்பது. யூஜின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் 1955-இல் ஓர் எண்ணத்தை வெளியிட்டார். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பின்வந்த எந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுத்தால், அறிவின் வழித்தடம் தெரியும் என்பது அவர் கருத்து. வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புக்களைப் பின்வந்த தீர்ப்புக்களோடு இணைத்துப் பார்க்கப் பயன்படுத்திய ஒரு நூலே அவருக்கு வழிகாட்டி. 1964-இல் அவருடைய அறிவியல் மேற்கோள் அடைவு வெளிவரத் தொடங்கியது.

தமிழ் படித்தவருக்கு இதைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு இராது. வளையாபதி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் சில நமக்குக் கிடைத்திருப்பது, பிற நூல்களிலும் உரைகளிலும் அவை எடுத்தாளப்பட்டமையால். ஒரு நூலின் பெருமையை, அதை மேற்கோள் காட்டியவர் யார் என்று பார்த்து நாம் மதிப்பிடுகிறோம். ஆனால் எல்லா மேற்கோளும் ஒரு நிறையுடையன அல்ல. நச்சினார்க்கினியர் எடுத்துக்காட்டுவது ஒன்று. பெயர் தெரியாத ஒருவர் எடுத்துக்காட்டுவது மற்றொன்று. அதுமட்டுமன்று, கண்டதையெல்லாம் பாராட்டுபவர் பாராட்டும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் மதிப்புக் குறைவே.

ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் இந்த வழக்கறிவைக் கணிதமாக்கினர். ஒரு பக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அது நான்கு பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தால், தன் மதிப்பை நான்காகப் பகிர்ந்து அளிக்கிறது. பெற்ற பக்கத்தின் மதிப்பு, தனக்கு வந்து சேர்ந்த பங்குகளின் கூட்டுத்தொகை. ஆனால் கொடுத்தவரின் மதிப்பும் அவ்வாறே பிறரிடமிருந்து வந்ததன்றோ? எங்கே தொடங்குவது? எல்லாப் பக்கங்களுக்கும் சமமான மதிப்பை இட்டுத் தொடங்கி, பகிர்வைத் திரும்பத் திரும்பச் செய்தால், சில பத்துச் சுற்றுக்களில் எண்கள் அசையாது நிலைபெற்றுவிடும். இதை இன்னொரு விதமாகவும் காணலாம். சோம்பல் மிக்க வாசகன் ஒருவன் கண்ணில்பட்ட இணைப்பைப் பற்றியே பக்கம் பக்கமாய்ப் போகிறான். நூற்றுக்கு எண்பத்தைந்து முறை அப்படி, பதினைந்து முறை சலிப்புற்று எங்கேனும் தாவுகிறான். முடிவில்லாமல் அவன் அலைந்தால் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருப்பானோ, அதுவே அந்தப் பக்கத்தின் தரம். 1998-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை 2 கோடியே 40 லட்சம் பக்கங்களின்மேல் இதைச் செய்துகாட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனம் தோன்றியது. அவர்களோடு இதை ஆராய்ந்து எழுதியவர்களுள் ராஜீவ் மோத்வானி என்னும் இந்தியப் பேராசிரியரும் ஒருவர்.

சென்னையின் பெயர் இங்கே மீண்டும் வருகிறது. அதே 1998-இல், கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.யில் பயின்றவரான கிருஷ்ண பரத், மோனிகா ஹென்சிங்கர் என்னும் அம்மையாரோடு சேர்ந்து ஒரு குறையைச் சுட்டினார். ஒரே தளத்தின் நூறு பக்கங்கள் ஒரு பக்கத்தைப் பாராட்டினால் அது நூறு பேரின் வாக்கு ஆகுமா? ஒருவனே நூறு குரலில் பேசுவது அன்றோ? அந்த நூறையும் சேர்த்து ஒரு வாக்காகவே கொள்ள வேண்டும் என்று அவர்கள் கணக்கைத் திருத்தினர். அதே ஐ.ஐ.டி.யில் பயின்ற மற்றொருவர், பிரபாகர் ராகவன், ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இணைப்புக்களைக் கொண்டு தரம் காணும் பணியில் ஈடுபட்டார். 2008-இல் வெளிவந்து கல்லூரிகளில் பரவிய பாடநூலின் ஆசிரியர் மூவருள் ஒருவரானார். 2020 முதல் 2024 வரை கூகுளின் தேடற்பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது.

வரிசை வகுப்பவனுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையில், விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று பேஜும் பிரினும் குறைகூறினர். இரண்டே ஆண்டுகளில், 2000-இல், அவர்களே விளம்பரம் விற்கத் தொடங்கினர். பணத்தின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2012-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமணி டாட் காம் என்னும் திருமணத் தகவல் நிறுவனமும், நுகர்வோர் அமைப்பு ஒன்றும் இந்தியப் போட்டி ஆணையத்தில் கூகுள்மீது முறையிட்டன. முறையீட்டின் எல்லாப் பகுதிகளும் ஏற்கப்படவில்லை. ஆயினும் விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பெட்டியை முன்னிடத்தில் நிறுத்தியது முதலியவற்றுக்காக 2018-இல் ஆணையம் ரூ.135.86 கோடி தண்டம் விதித்தது. கூகுள் மேல்முறையீடு செய்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, தேடல் துறையில் அந்நிறுவனம் சட்டத்துக்கு மாறாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தது.

இணைப்பைக் காசுக்கு வாங்கும் கூட்டமும் தோன்றியது. 2012-இல் அதை ஒடுக்கக் கணக்கு மாற்றப்பட்டது. இன்று இணைப்பு பல நூறு குறிகளுள் ஒன்று மட்டுமே. 2019 முதல் வினாவின் சொற்களைத் தனித்தனியே பாராமல், ஒன்றோடொன்று சார்த்திப் பொருள்காணும் முறையும் புகுந்திருக்கிறது. ‘நூல் விலை’ என்று ஒருவர் கேட்டால் அவர் வேண்டுவது புத்தகமா, நெசவாளர்க்குரிய நூலா? பக்கத்துச் சொற்களே அதைக் காட்ட வேண்டும்.

இப்போது மீஞ்சூர் மாணவியிடம் திரும்புவோம். அவள் தமிழில் வினவுகிறாள். நம் மொழியில் ஊர்ப்பெயர் ஊர்ப்பெயராகவே நிற்பதில்லை: மீஞ்சூரில், மீஞ்சூருக்கு, மீஞ்சூரிலிருந்து என்று உருபேற்கும். கடல், ‘கடற்கரை’ எனவும் ஆகும். நிலம், ‘நிலத்தடி’ என்று தேயும். எழுத்தை எழுத்தோடு மட்டும் ஒப்பிடும் பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். விகுதியையும் சாரியையையும் பிரித்து அடிச்சொல்லைக் காணும் நிரல் வேண்டும். அதாவது, பொறிக்கும் கொஞ்சம் நன்னூல் தெரிந்திருக்க வேண்டும்! ஆங்கிலத்தில் அவ்வூர்ப் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதுகின்றனர். அவையெல்லாம் ஓரூரே என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. 1990-களில் தமிழ்ப் பக்கம் அமைத்த ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவைப் பயன்படுத்தினர். திரையில் ‘அ’ என்று தெரியும் எழுத்தைக் கணிப்பொறி ஒரு தளத்தில் ஓர் எண்ணாகவும் மற்றொரு தளத்தில் வேறோர் எண்ணாகவும் வைத்திருந்தது. கண்டெய்னர் எண்ணை ஒவ்வொரு துறைமுகமும் தன் விருப்பப்படி எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாதவருக்குப் பக்கம் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது, தேடுபொறிக்கும் அவ்வாறே. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழறிஞரும் கணிப்பொறியாளரும் கூடி இதை ஆராய்ந்தனர். 1999-இல் தமிழக அரசு, டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை ஏற்றது. புலம்பெயர்ந்த தமிழர் பலர் டிஸ்கி என்னும் வேறொரு குறியீட்டைக் கையாண்டனர். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1991-லேயே யூனிக்கோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு யூனிக்கோடைத் தன் தரமாக அறிவித்தது.

அதற்குள் பல தளங்கள் பழைய எழுத்துருவோடே மறைந்துபோயின. சிலர் மட்டும் பொறுமையோடு மாற்றி எழுதினர். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் பலர் தட்டச்சிட்ட பழந்தமிழ் நூல்களை முதலில் டிஸ்கி முதலிய பழைய குறியீடுகளில் வெளியிட்டது. பின்னர் அவை யூனிக்கோடுக்கு மாற்றப்பட்டன. அதனாலேயே இன்று பழம்பாடல் ஒன்றின் இரண்டு சொற்களை இட்டால் அப்பாடல் வந்து நிற்கிறது.

மீஞ்சூர்க் கிணற்று நீரைப் பற்றிய கட்டுரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டித் தமக்குள் மதிப்பை வளர்த்துக்கொண்டுவிட்டன. தமிழில் வினவுபவளுக்கு முதலில் வருவன பெரும்பாலும் செய்தித் துணுக்குகள். அவ்வூர்க் கல்லூரி மாணவர் சிலர், ஊர்க் கிணறுகளின் உப்பளவைத் தாமே குறித்து, தெளிந்த தமிழில், ஊர்ப்பெயரை ஒரே முறையில் எழுதி, ஒரு பக்கம் அமைத்து, தம் கல்லூரித் தளத்திலிருந்து அதற்கு ஓர் இணைப்பும் கொடுத்தால், தேடுபொறியின் நிரல் அந்த இணைப்பைப் பற்றிக்கொண்டு ஒருநாள் அங்கே வந்து சேரும்.